சுறாப்புட்டின் மேல் விழுந்த பழி

2002, ஜூன். காலை 6.10.

மூன்று நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்து குப்பம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குடிகாரப் புருஷன் அப்பாவுவின் தொடைக்கட்டைப் பிரித்ததும் அந்த வலி மறந்துபோனது. தையல் நெடுகச் சீழ்.

“இன்னா குடுத்த இவருக்கு?” என்றான் ஆண் நர்ஸ் லட்சுமணன்.

“சுறாப்புட்டு. புண்ணு ஆற முகத்துவாரக்குப்பத்துல அதான் குடுப்போம்.”

“அதான் சீழ். மேடம், கேஸ் ஷீட்ல எழுதிட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சபீஹா, சுறாப்புட்டால் சீழ் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். இந்தப் புண்ணோடு வீட்டுக்குப் போனால் கால் போய்விடும். குப்பம்மா இடத்தைவிட்டு அசையவில்லை.

6.40. எதிர்வரிசையில் ரஷீது, சாத்தாங்காட்டில் இரும்பு சுமப்பவர். அதே நாள், அதே ஆபரேஷன். புண் காய்ந்திருந்தது.

“பாய், நான் குடுத்த புட்டு துன்னியா?”

“துன்னியாவா? உன் ஆளு பங்கையும் சேத்துத் துன்னேன்.”

“வலி?”

“ஃப்ளோரா சிஸ்டர் ஆறு மணிக்கு வலிக்கு ஊசி போட்டாங்க, கண்ணு சொருவுது. உன் ஆளு ஊசி போட்டும் அலறிக்கினே கீறாரே!”

குப்பம்மா மீனின் கண்ணைப் பார்த்தே விலை சொல்பவள். ரஷீதின் கருமணி கடுகளவு. அப்பாவுவுக்கும் ஆறு மணிக்கு லட்சுமணன் ஊசி போட்டிருந்தான். அவர் கருமணி சுருங்கவேயில்லை.

7.05. கரண்ட் போனது. மங்கிய வார்டில் லட்சுமணன் அவளருகே வந்தான். “இன்னும் கிளம்பலியா?”

அவள் அவன் கண்ணை உற்றுப் பார்த்தாள்.

7.30. லட்சுமணனோடு வந்த சபீஹாவை மறித்தாள். “சுறாவை வுடுங்க மேடம். பாயும் அதைத்தான் துன்னாரு. மூணு பேரு கண்ணைப் பாருங்க. ஊசி போட்ட பாய்க்குக் கடுகாட்டம் கீது. போட்டதா எழுதின என் ஆளுக்கு இல்ல. ஊசியே தேவையில்லாத இவனுக்கு இருட்டுலயும் விரியாம கடுகு. என் ஆளு மருந்து எங்க போச்சு?”

மார்ஃபின் ஏறினால் கருமணி சுருங்கும் என்பது தெரிந்த சபீஹா, லட்சுமணனின் சட்டைக்கையை ஏற்றினார். முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள்.

“மருந்த நான் எடுத்துக்கினு, இவருக்கு வெறுந்தண்ணிதான் ஏத்துனேன்,” என்றான். “குடிகாரன் கத்துனா யார் நம்புவா?”

“நான் நம்புவேன்டா,” என்றாள் குப்பம்மா.

சபீஹா கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்தார். “சீழுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. ஆனா அடங்காத வலி உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் கீழே தள்ளும். மார்ஃபின் மிஞ்சினாலும் தள்ளும். அதான் அளவா எழுதினேன். இவர் இங்கேயே இருக்கட்டும். மன்னிச்சிடுங்க.”

“மன்னிப்பு அப்பால. சார்ட்டுல எட்டு ஊசி எழுதிக் கீது. ஒண்ணு கூட என் ஆளு உடம்புல ஏறல.”

8.00. ஃப்ளோரா ஒரு ஊசி போட்டார். அப்பாவு கண்ணயர்ந்தார். அது அன்றைய கணக்கு. பழைய எட்டு ஊசி பாக்கி.