வரிசை தப்பாத துளிகள்

"பன்னெண்டு மணிக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லணும் சார். இல்லேன்னா எங்க அக்காவோட கடைசி ரெண்டு கருவும் போயிரும்."

வந்தவள் உட்காரக்கூட இல்லை. செயற்கைக் கருத்தரிப்பு ஆய்வகத்தில் கருக்களை வளர்ப்பவள் அவள். எதிரே இருந்த துப்பறிவாளரை ஊரே 'நிதானம்' என்றுதான் அழைக்கும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐந்து. பக்கத்தில் அவருடைய உதவியாளர் 'பட்டாசு' அதற்குள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

வந்தவள் கடகடவென்று கொட்டினாள். ஆய்வகத்தில் கருக்களை வைக்க இரண்டு இன்குபேட்டர் பெட்டிகள். முதல் பெட்டி அவளுடைய சக ஊழியருக்கு. கால் தரையில் பாவாமல் ஓடுவதால் அவருக்கு 'ரயில்' என்று பெயர். இரண்டாவது பெட்டி அவளுக்கு. மூன்று வாரமாக இரண்டாவது பெட்டியில் மட்டும் கருக்கள் மூன்றாம் நாளோடு வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. இதுவரை ஏழு தம்பதிகளுக்கு இப்படி ஆகிவிட்டது. வெப்பம் சரி, வாயு சரி. கருக்கள் வளரும் திரவமும் அதன்மேல் ஊற்றி மூடும் எண்ணெயும் இரண்டு பேருக்கும் ஒரே புட்டிதான்.

"அந்த ரயில்தான் என் பெட்டியில கை வைக்கிறார் சார். எனக்குச் சந்தேகமே இல்ல."

அக்காவின் கருக்கள் மூன்றாம் நாளில் உறையவைக்கப்பட்டவை. பன்னிரண்டு மணிக்கு உருக்கியெடுத்து, நேற்று மாலையே தயாராக்கி வைத்த தட்டில் இன்னும் இரண்டு நாள் வளர்க்க வேண்டும். "வேற யார் கையும் படக்கூடாது, நீதான் செய்யணும்" என்று அக்கா காலையிலேயே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். தள்ளிப்போடலாம் என்றால் அக்காவின் உடல் இன்றைக்குத்தான் தயாராக இருக்கிறது. இன்னொரு முறை மருந்து, ஊசி என்று தாங்க அவளிடம் தெம்பில்லை.

ஆய்வகத்தில் தொப்பியும் காலுறையும் மாட்டிக்கொண்டு நிதானம் நிதானமாகவே சுற்றி வந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியின் பூட்டைப் பார்க்காமல், வேலை மேசையில் கிடந்த மெல்லிய காகிதத்தின் ஓரம் படபடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூசி படியாமலிருக்க மேசைமேல் சுத்தமான காற்று வீசிக்கொண்டே இருக்கும். மேசையின் பலகையோ உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும்.

"நேத்து சாயங்காலம் தட்டு போட்டீங்களே, அதே மாதிரி இப்பப் போட்டுக் காட்டுங்க. ரெண்டு பேரும்."

ரயில் ஒரு தட்டை எடுத்தார். எட்டுத் துளி திரவத்தைக் கோணல்மாணலாக வைத்தார், மேலே எண்ணெயை ஊற்றினார், அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் ஆறு தட்டுகளை வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் எட்டுத் துளி, அளந்து வைத்தாற்போல் வட்டமாக. எல்லாவற்றையும் குனிந்து ஒருமுறை எண்ணினாள். இன்னொரு முறையும் எண்ணினாள். பிறகுதான் எண்ணெய்ப் புட்டியைத் தொட்டாள்.

"அழகா இருக்கு சார்!" என்றாள் பட்டாசு.

நிதானம் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"முன்னாடி அவர் மாதிரிதான் போடுவேன். ஒரு தடவை ஒரு தட்டுல ஒரு துளி விட்டுப்போச்சு. அதுலேருந்து எல்லாத்தையும் எண்ணி முடிக்காம எண்ணெய் ஊத்தறதில்ல."

"அது எப்ப?"

"ஒரு மாசம்கூட இருக்காது."

நேற்றுப் போட்ட தட்டுகளில் உபரியாக இருந்தவற்றில் ஆளுக்கொன்றை நிதானம் பட்டாசிடம் கொடுத்தார். "கீழ ரத்தப் பரிசோதனைக் கூடத்துல உப்பு அடர்த்தி பாக்குற மெஷின் இருக்கும். ரெண்டையும் பாத்துட்டு வா." பட்டாசு பறந்தாள்.

பதினொன்று ஐம்பத்தெட்டு ஆனது. பட்டாசைக் காணவில்லை. தங்கை உறைகலனின் மூடியைத் திறந்தாள். வெண்புகை பொங்கியது. அக்காவின் பெயர் எழுதிய, கருக்கள் உறைந்திருந்த மெல்லிய குச்சியை இடுக்கியால் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் நிதானம்.

"நேரமில்ல சார்!"

"வெளிய எடுத்துட்டா உருக்கித்தான் ஆகணும். பொறுங்க."

அவள் இடுக்கியைப் புகைக்குள்ளேயே நிறுத்தினாள். படியில் தடதடவென்று காலடிச் சத்தம். பட்டாசு மூச்சிரைக்க உள்ளே வந்து சீட்டை நீட்டினாள். ரயிலின் தட்டில் இருநூற்று அறுபத்தெட்டு. அவள் தட்டில் முந்நூற்று இருபது.

"ஆனா ரெண்டும் ஒரே புட்டிதானே சார்?" என்றாள் பட்டாசு.

"புட்டியில இருந்தவரைக்கும் ஒண்ணுதான். இவங்க முதல் துளி வெச்சதுலேருந்து எண்ணெய் ஊத்தறவரைக்கும் பதினொரு நிமிஷம். கீழே சூடு, மேலே காத்து. கடுகத்தனை துளி, என்ன ஆகும்? தண்ணி போயிருச்சு, உப்பு தங்கிருச்சு. அவ்வளவு உப்புல கரு வளராது. அதுக்கப்புறம் எண்ணெய் ஊத்தி என்ன பிரயோஜனம்? இவர் ஒரு தட்டை அரை நிமிஷத்துல மூடிடறார்."

"அப்போ ரெண்டாவது பெட்டி?" என்றாள் பட்டாசு.

"பெட்டி பாவம், அது என்ன பண்ணும்? அதுக்குள்ள போற தட்டெல்லாம் இவங்க போட்டது. யாரும் எதுலயும் கை வைக்கலம்மா."

அவள் குச்சியை மெதுவாகப் புகைக்குள்ளேயே இறக்கினாள். அக்காவுக்காக நேற்று மூன்று முறை எண்ணியது நினைவுக்கு வந்தது. அவமானத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. இரண்டு நிமிடம் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம்.

ரயிலின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "என் பெட்டியில நேத்துப் போட்ட தட்டு ரெண்டு மிச்சம் இருக்கு. கொஞ்சம் கோணலா இருக்கும், பரவாயில்லையா?" என்றார்.

"நீங்களே வையுங்க" என்று அவள் இடுக்கியை அவரிடம் நீட்டினாள்.

ஒரு மணிக்கு அவள் வெளியே வந்தாள். அக்கா எழுந்து நின்றாள். "முடிஞ்சுதாடி? ரெண்டும் நல்லா இருக்கா? உன் கையாலதானே வெச்சே?"

பொய் சொல்வது எளிதாகத்தான் இருந்தது.

"ரெண்டும் உயிரோட இருக்குக்கா. ஆனா நான் வைக்கல. என் தட்டுலதான் தப்பு இருந்துச்சு."

அக்கா பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வந்து உக்காரு" என்றாள்.

"இல்லக்கா. கரு நின்னுபோன அந்த ஏழு ஜோடிக்கும் சொல்லணும்" என்றாள் அவள். முதலில் மருத்துவரின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.