திருப்பிக் கொடுத்த நம்பிக்கை

இளங்கலைச் சமயவியல் மூன்றாம் ஆண்டில் செய்முறைத் தேர்வு என்றால், யாராவது ஒருவருடைய நம்பிக்கையைப் பத்து நாள் இரவல் வாங்கி நம்பிக் காட்ட வேண்டும். நூறு மதிப்பெண். மற்ற மாணவர்கள் கோயில் வாசலிலும் தர்கா வாசலிலும் ஆள் தேடி அலைந்தார்கள். நிறைமொழி அலையவில்லை. வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது ஊரெல்லாம் எதற்குச் சுற்ற வேண்டும்? ஆழிக்குடியிலிருந்து அம்மா சேதுக்கனியைப் பேருந்தில் ஏற்றி ஆய்வகத்துக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

ஆய்வகத்தின் நடுவில் பற்றுமாற்றி இயந்திரம் நின்றது. இரண்டு நாற்காலி, இரண்டு தலைக்கவசம், இடையில் முனகிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். நம்பிக்கையைப் படியெடுக்க முடியாது. அப்படி எடுத்தது ஒரு மணி நேரம்கூடத் தங்காது. அதனால் நாற்றைப் பிடுங்கி நடுகிற மாதிரி, ஒருவர் மூளையிலிருந்து பெயர்த்து இன்னொருவர் மூளையில் வைக்கும். கெடு முடிந்ததும் திருப்பி நடும்.

"அப்ப பத்து நாளைக்கு எனக்குன்னு ஒண்ணும் இருக்காதா சார்?" என்று கேட்டாள் சேதுக்கனி.

"இருக்காதும்மா. ஆனா வலிக்காது. மக படிப்புக்காகத்தானே?" என்றார் பேராசிரியர் அகத்தியலிங்கம்.

"அவளுக்குன்னா சரி. ஏட்டி, பத்திரமா வச்சுக்கிடு."

சேதுக்கனி ஒளிக்கரைச் சபையைச் சேர்ந்தவள். ஆறு வருடங்களுக்கு முன் அவள் மகன் மாறன் கடலுக்குப் போனான். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. சபையின் வேதமான கரைநூலில் ஒரு வரி உண்டு: 'கடல் கொண்டவரை மறுகரை ஏற்றது; அழையுங்கள், அவர் கேட்பார்.' அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் எழுந்தாள். சாயங்காலம் ஆனால், கடலில் ஆளைப் பறிகொடுத்த மற்றப் பெண்களோடு கடற்கரையில் நின்று மகனைப் பேர் சொல்லி அழைப்பாள். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். 'இழப்பைத் தாங்கும் கூட்டுச் சடங்கு' என்று நிறைமொழி அதை இரண்டாம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியிருந்தாள்.

இரவல் வாங்கிய அன்று சாயங்காலம் நிறைமொழியே கரையில் போய் நின்றாள். "அண்ணே" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அவன் கேட்டான். கேட்டான் என்பது அவளுக்குத் தன் கை விரலைப் போல அத்தனை நிச்சயமாகத் தெரிந்தது. மணலில் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு பெரிய சந்தோஷத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டா அம்மா ஒன்றுமே பேசாமல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் சேதுக்கனி சோற்றுத் தட்டின் முன்னால் கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, மாறன் செத்துட்டாம்லா?" என்று கேட்டாள். ஆறு வருடத்தில் அந்தச் சொல் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு நாளுக்கு ஒரு வேளை கஞ்சி குடித்தாலே பெரிது என்று ஆனது.

இரவல் நாட்களில் பாடநூலைத் தொடக் கூடாது என்பது விதி. ஆனால் புதன்கிழமை மூலநூல் ஆய்வுத் தாளில் உள்தேர்வு. அந்த விதியை எந்த மாணவன் மதித்தான்? நிறைமொழியும் படித்தாள். பாடத்தில் வந்தது கரைநூல்தான். பழைய ஏடுகள் நான்கிலும் அந்த வரி இல்லையாம். உடலைத் தேடச் சொல்லிக் குடும்பங்கள் வாசலில் வந்து நிற்காமலிருக்க, படகு முதலாளிகள் ஆள் வைத்துப் பின்னால் எழுதிச் சேர்த்த வரியாம். நெஞ்சு முழுக்க நம்பிக்கையோடு அதைப் படிப்பது கொடுமையாக இருந்தது. அழுதுகொண்டே மனப்பாடம் செய்தாள். இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினாள்.

பத்தாம் நாள் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. கொடுத்தால் அண்ணன் மறுபடியும் செத்துப்போவான். ஆனால் அம்மாவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சுத்தமாப் போயிருச்சு. உன்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல" என்றார் அகத்தியலிங்கம். சேதுக்கனியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வழியில் டீ கேட்டாள், இரண்டு வடையும் கேட்டாள். நிறைமொழிக்குப் போன உயிர் திரும்பியது.

சாயங்காலம் இருவரும் கரைக்குப் போனார்கள். பெண்கள் எல்லோரும் கடலைப் பார்த்து நிற்க, சேதுக்கனி மட்டும் அவர்களைப் பார்த்து நின்றாள்.

"அந்த வரி பழைய ஏட்டுல கெடையாது. மொதலாளிமாரு எழுதிச் சேத்தது. நம்ம வாய அடைக்கச் சேத்தது" என்றாள். பிரார்த்தனை சொல்லும் அதே குரல்.

அது நிறைமொழி புதன்கிழமைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பாடம். எது நம்பிக்கை, எது பாடம் என்று பற்றுமாற்றிக்கு எப்படித் தெரியும்? பத்து நாளில் கூட முளைத்ததையும் சேர்த்து, வேரோடு நட்டுவிட்டது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருந்தால் தேற்றியாவது இருக்கலாம். அம்மா சந்தேகப்படவில்லை, நம்பினாள்.

பேராசிரியரைப் போனில் அழைத்தாள். "தனியாப் பிரிச்செடுக்க முடியாதும்மா. எடுத்தா எல்லாமே வந்துரும், மறுபடி சாப்பிட மாட்டாங்க" என்றார். பிறகு, "ஆனா இது வரைக்கும் இப்படி ஒண்ணு நடந்ததில்ல. நீ பக்கத்துலயே நின்னு குறிப்பு எடுத்துக்கோ" என்றார்.

போன மாதம் கணவனைக் கடலுக்குக் கொடுத்த ரத்தினமாலை, அவன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே நின்றாள். சேதுக்கனி அவளை நோக்கி நடந்தாள்.

நிறைமொழி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "யம்மா, போதும்மா. அவ தாங்க மாட்டா. வீட்டுக்கு வா."

சேதுக்கனி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஆறு வருடமாய் மகனிடம் பேசிவிட்டு வரும்போது இருந்த அதே நிம்மதிதான் இருந்தது.

"விடுட்டி" என்றாள். "தெரிஞ்சத மறைச்சா பாவம்லா? நாளைக்கு அடுத்த ஊருக்கும் போயிச் சொல்லணும்."