டோஹா வீட்டுக்காரி

மகளின் தலையை யாரோ பின்னிவிட்டிருந்தார்கள்.

போன் திரையில் ஷஸ்னா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதையை அளந்துகொண்டிருந்தாள். அகீலாவின் கண் மகளின் தலையை விட்டு நகரவில்லை. எண்ணெய் வைத்து, நேர்வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல். இரண்டும் காதுக்குப் பின்னால் ஒருமுறை உள்பக்கமாகத் திரும்பி இறங்கின. இடக்கைக்காரி பின்னினால்தான் அப்படித் திரும்பும். காத்தான்குடியில் அவள் தெருவையே சல்லடை போட்டாலும் அப்படிப் பின்னுகிற கை ஒன்றுதான் இருந்தது. அகீலாவின் அந்தக் கைதான் இப்போது இங்கே போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மகள், தலய ஆரு பின்னின?"

"போங்க உம்மா," என்று ஷஸ்னா சிரித்தாள். தெரிந்ததையே உம்மா கேட்டு விளையாடுகிறாள் என்று நினைத்தாளாக்கும்.

புருசன் இஷாமுக்கு டோஹாவில் ஒரு கம்பனி ஸ்டோரில் வேலை. குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் உயர நான்கு வருடம் காத்திருந்தான். கூட்டிப்போக லீவில் வந்தான். மூன்று பேருக்கும் உடுப்பு அடுக்கி, பெட்டியும் கட்டியாயிற்று. கொழும்பில் விசாவுக்கான மருத்துவச் சோதனைக்குப் போன இடத்தில் அகீலாவின் நெஞ்சுப் படத்தில் சின்னதாக ஒரு நிழல். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். மகளுக்குக் கிடைத்த பள்ளிக்கூட இடமோ அதுவரை நிற்காது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை. மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டான்.

இந்தக் கரையில் ஆம்பிளைக்கு வீடு என்று ஒன்று கிடையாது. உம்மா வீட்டில் பிறந்து பெண்சாதி வீட்டில் குடியேறுகிறவன். எத்தனை பெரிய மீசை வைத்தாலும் அதுதான் கணக்கு. அகீலாவின் குடும்பத்தில் புதுவீடு ஏறுகிற அன்று மாப்பிள்ளை முதலில் உள்ளே போய், வாசலைப் பார்த்து வீட்டுக்காரியின் பேரை மூன்று தரம் கூப்பிடுவான். மூன்றாம் தரம் அவள் "வந்துட்டன்" என்று சொல்லி, உப்போடும் அரிசியோடும் ஏறுவாள். அதற்குப் பிறகுதான் அது வீடு. "மௌலவிமார் கேட்டா ஏசுவாங்க" என்பாள் பக்கத்து வளவில் இருக்கும் அக்கா றம்லா. ஏசினாலும், அவளும் அப்படித்தான் ஏறினாள்.

டோஹாவில் எடுத்த வாடகை வீட்டுக்கும் அப்படித்தான் ஏறவேண்டும் என்று அகீலா பிடிவாதம் பிடித்தாள். தான் இல்லாத வீட்டில் தன் புருசனும் மகளும் இருப்பதா? அவளுக்குப் பொறுக்கவில்லை. போனில் கூப்பிடுங்கள், நான் இங்கிருந்து பதில் சொல்கிறேன் என்றாள். இஷாம் சிரித்துக்கொண்டே உள்ளே போய் "அகீலா" என்று கூப்பிட்டான். இரண்டாம் தரமும் கூப்பிட்டான். அதோடு கோல் அறுந்தது. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். இருபது நிமிடம் கழித்துத் திரும்பக் கிடைத்தபோது மகள் மெத்தையில் துள்ளிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரத்தைப் பற்றி இவள் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

பின்னலைப் பார்த்த மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அகீலா பின்வாசலில் குந்தி இஷாமுக்கு மறுபடி கோல் எடுத்தாள். வாவிக் காற்றில் சேற்று மணமும், யாரோ காயப்போட்ட இறால் மணமும் கலந்து வந்தன. போனுக்குள் இஷாமின் சமையலறைப் பக்கமிருந்து ஒரு சத்தம், நிறுத்தி நிறுத்தி, அவசரமில்லாமல், தேங்காய் துருவுகிற சத்தம், கேட்டுக்கொண்டே இருந்தது.

"கீழ்மாடி மலையாள அக்காவா வந்திரிக்கி?" பள்ளிக்கூடம் விட்டால் ஷஸ்னாவைப் பார்த்துக்கொள்ள இஷாம் பிடித்திருந்த பெண் அவள்.

"அவவ நிப்பாட்டிட்டன் தானே. இனித் தேவயில்ல."

"அப்ப புள்ளயப் பாக்குறது ஆரு?"

இஷாம் திரையைப் பார்க்கவில்லை. திரைக்கு வெளியே பார்த்துச் சிரித்தான். கலியாணமான புதிதில் அகீலாவைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பு அது.

"இஞ்சருங்க. வீடு ஏறின அண்டைக்கி, மூணாந்தரம் கூப்புட்ட நீங்களா?"

"கூப்புட்டன் தானே. நீதானே வந்துட்டன் எண்டு சொன்ன. பக்கத்துல நிண்டு சொன்ன மாதிரிக் கேட்டிச்சு."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

அன்றே றம்லாவிடம் ஓடினாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்கா," என்றாள் றம்லா. "தனிய இருந்து யோசிச்சா இப்புடித்தான். அவன் ஒரு சமையக்காரிய வெச்சிரிப்பான்." அப்படிச் சமையற்காரியாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது! புருசன் இன்னொருத்தியைக் கட்டியிருக்கட்டும் என்றுகூட அகீலா அன்று படைத்தவனிடம் துஆக் கேட்டாள். மனுசியென்றால் தலைமுடியைப் பிடித்துச் சண்டைக்குப் போகலாமே.

அடுத்த கிழமையில் ஒன்றொன்றாகக் கழன்றது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன்ஆணத்தில் மணம் வரவில்லை. கடைக்காரரிடம் சீனி கேட்டாள். அவர் அவளுக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேணும் என்று கேட்டார். தெருவில் ஸலாம் சொன்னாள். யாரும் பதில் சொல்லவில்லை. றம்லா பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, அறையில் யாரும் இல்லாததுபோல் எழுந்து போனாள்.

வியாழக்கிழமை அவள் அடித்த கோலை இஷாம் எடுத்தான்.

"ஆரு? படம் தெரியல்ல. றம்லா மச்சியா?"

"நான். அகீலா. என்னப் பாருங்க!"

"ஒண்டும் கேக்குதில்ல மச்சி. அகீலா இஞ்ச சமைக்கிறா. மறுகா எடுக்கச் சொல்றன்."

அதோடு சரி. எத்தனை தரம் அடித்தாலும் மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் கடவுச்சீட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எப்படியாவது போகவேண்டும். நடந்தாவது. நீந்தியாவது. மகளுக்கு உம்மா நான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளை குரலை மறக்காது, பிள்ளைக்குத் தெரியும். ஷஸ்னாவுக்குத் தெரியும். அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் மஹ்ரிப் தொழுகைக்குச் சற்று முன்னால், பொழுது சாய்கையில், முன்கதவு திறந்தது. றம்லா. ஒரு கையில் சாவி, மறுகையில் போன். போனை முன்னால் நீட்டி வீட்டைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

"பாரு புள்ள, எல்லாம் போட்டது போட்டபடி பத்திரமாக் கிடக்கு. நீங்க மூணு பேரும் அங்க போய்ச் சேந்தாச்சு. பூட்டித்துச் சாவிய நான் வெக்கிறன்."

"ஓம் ராத்தா," என்றது போன். "ஜன்னலெல்லாம் இறுக்கிச் சாத்துங்க."

அகீலாவின் குரல்.

அவள் ஓடி வந்து றம்லாவின் கையைப் பிடித்தாள். றம்லா கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "என்னகா இந்தக் குளிர்," என்று முணுமுணுத்து ஜன்னலைச் சாத்தினாள். இன்னொன்று. அறை இருண்டது. அகீலா றம்லாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

திரையில் அவள் முகம். நன்றாக உண்டு உறங்கிய முகம். பின்னால் வெள்ளைச் சுவர், இஷாமின் தோள். மூன்று பேருக்குச் சோறு போட்ட மேசை.

ஷஸ்னா இடையில் தலையை நுழைத்தாள். திரையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"உம்மா. பெரியும்மாக்குப் பின்னால ஆரோ நிக்கிறா."

தெரிகிறது! பிள்ளைக்குத் தெரிகிறது!

"மகள்! நான்தான். உம்மா. உன்ட உம்மா!" அகீலா திரைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

ஷஸ்னா வீறிட்டாள்.

பிறந்த நாள் தொட்டு அவள் அப்படிக் கத்தியதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை வீசி, காலை உதறி. மேசையிலிருந்த தண்ணீர் சரிந்தது. திரையிலிருந்தவள் பிள்ளையை அள்ளி மடியில் போட்டு, முகத்தைத் தன் நெஞ்சுக்குள் புதைத்து முதுகைத் தடவினாள். "பாக்காத மகள். பாக்காத." சொல்லிக்கொண்டே கண்ணை உயர்த்தி அகீலாவைப் பார்த்தாள். நேராக. நிதானமாக.

றம்லா திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர். வாய்க்குள் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள். கதவை அடித்துச் சாத்தினாள். சாவி திரும்பியது. ஒருமுறை. இன்னொரு முறை.

அகீலா கதவோடு ஒட்டிக்கொண்டாள். முற்றத்தில் றம்லாவின் செருப்புச் சத்தம். அவள் கையிலிருந்த போனில் பிள்ளையின் அழுகை, தெருப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"உம்மா," என்று ஷஸ்னா அழுதாள். "உம்மா. உம்மா."

அகீலா வாயைத் திறந்தாள்.

"இந்தா இரிக்கன் மகள்," என்றது போன்.

அழுகை நின்றுவிட்டது.