பெரியம்மாவுக்கு ஒரு பிடி

ஒரு வாரமாகக் கேத்தரினின் டிபன் டப்பாவைக் காணோம். அப்பா ஜெரால்ட் அடுப்படியைக் குடைந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். கடைசியில் பழைய பிஸ்கட் டப்பாவில் சோற்றை அடைத்துக் கொடுத்தார். அந்தச் சோறும் கஞ்சியாகக் குழைந்திருந்தது.

டப்பா எங்கே என்று கேத்தரினுக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை.

அம்மா இருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாள். அம்மாதான் இல்லையே.

அம்மா இறந்த அன்று போர்ட் பிளேரில் பேய்மழை. தூத்துக்குடியிலிருந்து அம்மாவின் அக்கா கிரேசி போனில் கதறினார்.

"நான் வர்றதுக்குள்ள எடுத்துராதீங்க. என் தங்கச்சிக்கு ஒரு பிடி மண்ணாவது நான் போடணும்!"

புயலில் விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அப்பா அடக்கம் செய்துவிட்டார். எல்லாரும் அழுதார்கள். கேத்தரினுக்கு மட்டும் அழுகையே வரவில்லை.

எட்டாம் நாள்தான் பெரியம்மா வந்து இறங்கினார். ஷாதிபூரில் இவர்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஊர்க்காரர் வீட்டில் தங்கிவிட்டார். கல்லறைக்கும் போகவில்லை. நாளைக்கு அவருக்குக் கப்பல்.

அம்மா முகச்சாடையில் இருக்கிற ஒரே ஆள் பெரியம்மாதான். கோபத்தோடு போனால் இனி வரவே மாட்டார்.

பள்ளி விட்டதும் கேத்தரின் பையோடு நேரே டெய்ரி ஃபார்முக்கு நடந்தாள்.

"உங்கப்பா அனுப்பினாரா?" துணிகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டே பெரியம்மா கேட்டார்.

"இல்ல. அப்பாவுக்குத் தெரியாது."

"மண்ணு மூடியாச்சு. இனி எனக்கு இங்க என்ன சோலி?"

கேத்தரின் பையின் அடியிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"எனக்குப் பசிக்கல மக்கா."

"சாப்பாடு இல்ல பெரியம்மா. திறங்க."

உள்ளே மண் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது.

"அன்னைக்கு வந்தவங்க எல்லாம் போட்டாங்க. நீங்க கேட்டீங்களே, அதான் உங்க பங்கை எடுத்து வெச்சேன். கொஞ்சம் ஊறுகாய் வாசம் அடிக்கும்."

பெரியம்மா டப்பாவை மடியோடு அணைத்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டினார்.

கல்லறைத் தோட்டத்தில் அப்பா இருந்தார். தினமும் வேலை முடிந்ததும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். பெரியம்மாவைக் கண்டதும் எழுந்து தலைகுனிந்து நின்றார்.

"எனக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா ஜெரால்ட்?"

"கப்பல் எப்ப வரும்னு ஜெட்டில மூணு தடவை போய்க் கேட்டேன் மதினி. யாருக்கும் தெரியல. அதுக்கு மேல அவளை வெச்சிருக்க முடியல." அப்பாவின் குரல் உடைந்தது. "ஆனா நானும் மண்ணு போடல மதினி. நீங்க இல்லாம எனக்குக் கை வரல."

பெரியம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். டப்பாவிலிருந்த மண்ணை உதிர்த்து, பாதியை அவர் உள்ளங்கையில் வைத்தார். இருவரும் சேர்ந்து போட்டார்கள். போட்டுவிட்டு வாய்விட்டு அழுதார்கள்.

"கப்பல் அடுத்த வாரமும் போகும்" என்று பெரியம்மா மூக்கை உறிஞ்சினார். காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "இதை வெந்நீர் ஊத்திக் கழுவணும். ஏட்டி, நாளைக்கு இதுல உனக்கு என்ன கட்டித் தர?"

இத்தனை நாளில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்கவில்லை.

"தேங்காய்ச் சோறு" என்றாள் கேத்தரின். "அம்மா செய்யற மாதிரி."

அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது.