கடைசி எபிசோடில் யாருமே பேசவில்லை

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பட்டாசின் அப்பாவிடம் முடி வெட்டிக்கொள்ள யாரும் துணிய மாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் சலூன் டி.வி.யில் ‘அவர்கள் இறங்கிவிட்டார்கள்’ தொடர் ஓடும். அப்பாவின் கை வாடிக்கையாளர் தலையில் இருக்கும். கண்ணோ டி.வி.யில் இருக்கும். எட்டாவது எபிசோடில் வேற்றுக்கிரகவாசிகள் கடலிலிருந்து எழுந்து வந்தபோது, பாவம், ஒருவருடைய இடது கிருதா காதுக்கு மேலே ஏறிவிட்டது. வலது கிருதா அப்படியே இருந்தது. அவர் ஒரு மாதம் தொப்பியோடு திரிந்தார்.

பட்டாசு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஐந்தாம் வகுப்பில் அவளுடைய தோழிகள் வைத்த பெயர். வாயைத் திறந்தால் படபடவென்று வெடித்துக்கொண்டே இருப்பாள். சலூனுக்கு வருகிறவர்களும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்று கடைசி எபிசோடு. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இதே பேச்சுதான்.

போன வாரம் ஒரு பயங்கரம் நடந்திருந்தது. குமிழர்கள் என்ற அந்த வேற்றுக்கிரகவாசிகள், பூமியில் இருக்கும் எல்லோருடைய குரலையும் ஒரே நாளில் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு குரலையும் ஒரு குமிழிக்குள் அடைத்துத் தங்கள் கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இனி உலகத்தில் யாராலும் பேச முடியாது. அந்தக் குரல்களைத் திரும்பக் கொண்டுவர, ‘குட்டி கேப்டன்’ என்ற பெண் தனியாக அந்தக் கப்பலுக்குள் நுழைகிறாள். அங்கேதான் போன வாரம் நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றே முக்காலுக்கே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தையல்கார அக்கா கையில் ஒரு துணியோடு வந்தாள். தைப்பதற்கு இல்லை, பயமான காட்சி வந்தால் முகத்தை மூடிக்கொள்வதற்கு. பஸ் ஓட்டும் டிரைவர் அண்ணன் நேராகப் போய் சவர நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இப்பவா? நாலு மணிக்கு நான் கத்தியைத் தொட மாட்டேன்” என்றார் அப்பா.

“ஆறு மணிக்கு டூட்டி. இந்தத் தாடியோட போனா டிப்போவுல உள்ளயே விட மாட்டாங்க. எப்படியாவது பண்ணி விடு.”

அப்பா வேண்டாவெறுப்பாகச் சோப்பு நுரையைப் பூச ஆரம்பித்தார்.

அப்போது வாசலில் கைத்தடியின் சத்தம் கேட்டது. டக், டக். டெலிபோன் மாமா வந்துவிட்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பு கொடுப்பவர். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஆனால், ஒருமுறை கேட்ட குரலை மறக்கவே மாட்டார். பதினோரு வாரமாக ஒரு எபிசோடுகூட விடாமல் காதாலேயே கேட்டுவந்தார். காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

“ஆரம்பிச்சிட்டானா?” என்று கேட்டுக்கொண்டே டி.வி.க்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இதோ, இப்பதான் மாமா!” என்றாள் பட்டாசு.

“உஷ்!” என்றார் டிரைவர் அண்ணன் நுரைக்குள்ளிருந்து. “பட்டாசு, இன்னிக்கு மட்டும் உன் வாய்க்கு லீவு கொடுத்துடு.”

தொடர் ஆரம்பித்தது. இசை வந்தது. அதற்குப் பிறகும் இசைதான் வந்தது. குட்டி கேப்டனுக்குக் குரல் இல்லை. அவளுடைய நண்பர்களுக்கும் குரல் இல்லை. எல்லோரும் கையாலும் கண்ணாலுமே பேசிக்கொண்டார்கள்.

“ஐயோ!” என்று கத்தினாள் தையல்கார அக்கா.

“என்ன ஆச்சு?” என்றார் டெலிபோன் மாமா.

“அது வந்து... ஐயய்யோ, பின்னாடி!”

“பின்னாடி என்ன?”

“உஷ்!” என்றார் டிரைவர் அண்ணன்.

சிறிது நேரம் கழித்து எல்லோரும் ‘ஹா!’ என்று ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். மாமாவும் நாற்காலி நுனிக்கு வந்தார். “இப்போ என்ன?”

யாராலும் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மாமா சிரித்துக்கொண்டே கைத்தடியைத் தேடி எடுத்தார். “சரி, நான் கிளம்பறேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில யார்கிட்டயாவது கதையைக் கேட்டுக்கறேன்.”

பட்டாசுக்குச் சுருக்கென்றது. முடிவைத் தெரிந்துகொள்ள அவள் எத்தனை நாள் தவித்தாள்! மாமாவும் அப்படித்தானே தவித்திருப்பார்?

அவள் ஓடிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “உக்காருங்க மாமா. நான் சொல்றேன்.”

“பட்டாசு! உஷ்!”

“அங்கதான் யாருமே பேசலையே அண்ணே! நான் யார் பேச்சைக் கெடுக்கப் போறேன்?”

மாமா உட்கார்ந்தார்.

பட்டாசு படபடவென்று ஆரம்பித்தாள். “அவ போறா மாமா. அது வருது. இவ குனிஞ்சிட்டா. அது மேல! இல்ல, கீழ! ஐயோ, போச்சு!”

மாமாவின் நெற்றி சுருங்கியது. ஒன்றும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பட்டாசு ஒரு நொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இசை மட்டும் கேட்டது. ‘எங்கே இருக்கிறோம்? எது வருகிறது? எவ்வளவு பெரிசு?’ எதுவுமே தெரியவில்லை. ஓ! இதைத்தான் சொல்ல வேண்டுமா?

கண்ணைத் திறந்தாள். இந்த முறை நிதானமாகச் சொன்னாள்.

“குமிழர் கப்பலுக்குள்ள ஒரு நீளமான வழி மாமா. ஒரு ஆள்தான் போக முடியும். சுவர் ஈரமா, பாசி நிறத்துல இருக்கு. குட்டி கேப்டன் சுவரோட ஒட்டிக்கிட்டு நடக்கறா. எதிர்ல ஒரு குமிழர் வர்றான். ரெண்டு ஆள் உயரம். ஒவ்வொரு காலுக்கும் மூணு முட்டி. மடக்கி மடக்கி, ஏணி நடந்து வர்ற மாதிரி வர்றான்.”

“அடேயப்பா!” மாமாவின் முகம் மலர்ந்தது. “அவ எங்க ஒளிவா?”

“ஒளிய இடமே இல்ல! மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறா. அவன் கை அவ மூக்குக்கு நேரா... ஒரு விரல்கடை தூரம்... தாண்டிப் போயிட்டான்!”

“அப்பாடா!” என்றது ஒரு குரல். மாமா இல்லை. துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்த தையல்கார அக்கா.

“பட்டாசு, கொஞ்சம் சத்தமா சொல்லும்மா” என்றார் அப்பா. அவர் இப்போது டிரைவர் அண்ணனின் தாடையை நிமிர்த்தி, கழுத்தில் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார். “நீ சொன்னா நான் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன்.”

தாடையை நிமிர்த்தியதால் டிரைவர் அண்ணனுக்கு மேலே ஓடிய மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. “அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?” என்று முனகினார்.

“பேசாதீங்க, வெட்டிடும்!” என்றார் அப்பா.

அந்த அறையில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தது பட்டாசு மட்டும்தான்.

“வழி முடிஞ்சு ஒரு பெரிய கூடம் வருது. கூரையே தெரியல. எங்க பார்த்தாலும் குமிழி. திராட்சைக் கொத்து மாதிரி ஆயிரம் ஆயிரமா தொங்குது! அவ ஒரு குமிழிகிட்ட காதை வெக்கறா...”

முதல்முறையாக டி.வி.யிலிருந்து குரல்கள் வந்தன. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முணுமுணுப்பது போல, ஒன்றோடொன்று குழம்பிய குரல்கள்.

மாமா கையை உயர்த்தினார். “எல்லாரும் கொஞ்சம் இருங்க!”

பட்டாசு சட்டென்று நிறுத்தினாள். அப்பாவின் கத்தியும் நின்றது.

“அதுல ஒண்ணு டாக்டரம்மா குரல்” என்றார் மாமா மெதுவாக.

“அவங்கதான் ஒன்பதாவது எபிசோடுலயே செத்துப்போயிட்டாங்களே!” என்றார் டிரைவர் அண்ணன். தொடரில் எல்லோருக்கும் பிடித்தவர் டாக்டரம்மாதான். அவர் கடலில் விழுந்த வாரம் தையல்கார அக்கா ஒரு துணி முழுக்க அழுதிருந்தாள்.

“குமிழருங்க குரலை எடுத்தது எப்போ? போன வாரம்தானே? அதுக்கு முன்னாடியே செத்திருந்தா அவங்க குரல் அங்க எப்படி வரும்?” என்றார் மாமா.

பட்டாசு விரல்விட்டு வாரங்களை எண்ணிப் பார்த்தாள்.

“உயிரோட இருக்காங்க!” என்று கத்தினாள் பட்டாசு. “மாமா! டாக்டரம்மா உயிரோட இருக்காங்க!”

தையல்கார அக்காவின் துணி தரையில் விழுந்தது. டிரைவர் அண்ணன் பாதி நுரையோடு துள்ளி எழுந்தார். நல்லவேளை, அப்பா கத்தியை முன்பே தள்ளிப் பிடித்திருந்தார்.

“ஆனா குட்டி கேப்டனுக்கு அது தெரியல! அந்தக் குமிழியைத் தாண்டிப் போறா!”

“திரும்பு!” என்று கத்தினார் அப்பா.

“திரும்பு, திரும்பு!” என்று டி.வி.யைப் பார்த்துக் கையை ஆட்டினார் டிரைவர் அண்ணன். நுரை கண்ணாடியில் தெறித்தது.

“நிக்கறா மாமா... தலையைச் சாய்ச்சுக் கேக்கறா... திரும்பிட்டா! ஓடி வர்றா! குமிழியைக் குத்திட்டா!”

பட்டென்று ஒரு சத்தம். பிறகு தெளிவாக, “நான் இங்கதான் இருக்கேன், கண்ணு” என்றது டாக்டரம்மாவின் குரல்.

அவ்வளவுதான், சலூனே அதிர்ந்தது. டி.வி.யில் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. குரல்கள் மழைபோலக் கொட்டின. எது யாருடையது என்று பட்டாசுக்குப் புரியவில்லை. மாமாதான் சொன்னார். “அது கலங்கரைவிளக்கத்துக்காரர்! அது இரட்டையர்ல பெரியவன்! இது... இது குட்டி கேப்டனோட குரல்!”

“ஆமா மாமா! அவ சிரிக்கறா! தொண்டையைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கறா! குமிழருங்க காதைப் பொத்திக்கிட்டு ஓடறாங்க! கப்பல் மேல எழும்புது... சின்னதாயிடுச்சு... போயே போயிட்டாங்க!”

மாமா இரண்டு கையையும் தூக்கிக் கைதட்டினார். தையல்கார அக்கா, எப்போதோ எடுத்து மறுபடியும் மூடிக்கொண்ட துணிக்குள்ளிருந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

தொடர் முடிந்து ரொம்ப நேரமாகியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சலூன் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டாசுக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

“கிளம்பிப் போறப்போ அந்தக் கப்பல் உருண்டையா இருந்துச்சு இல்ல?” என்றாள் தையல்கார அக்கா.

“உருண்டையா? சுவர் பாசி நிறம். ஆள் போற வழி அவ்வளவு குறுகல். ஆனா கூடத்துக்குக் கூரையே தெரியல” என்றார் டெலிபோன் மாமா. “அப்போ கப்பல் உயரமா, கூம்பு மாதிரிதான் இருக்கணும்.”

“இல்லைங்க, நான் பார்த்தேனே!”

“நீங்க துணிக்குள்ள இருந்தீங்க. நான்தான் பார்த்தேன்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிப்பக்கம் திரும்பினார்கள். “பட்டாசு, நீ சொல்லு!”

பட்டாசு தண்ணீரை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கூம்புதான்க்கா. மாமா சரியாப் பார்த்திருக்காரு.”