உலராத ஆபேல்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன அடுத்த கார்த்திகையில், இராசமலரும் கணவன் ஞானசேகரமும் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். உள்துறைமுகத்தைப் பார்த்த பழைய வீடு. அவள் தம்பி சின்னராசாவுடையது. அத்தான் ஞானசேகரத்தோடு தூண்டில் போடப் போன தோணி கவிழ்ந்து அவன் கடலில் மூழ்கித் தாண்டு போனான். உடல் கிடைக்கவில்லை. வீடு அக்காவுக்கு வந்தது.

அவனுடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. ஒரு வருடத்தில் அந்த முகம் அவளுக்கு மங்கத் தொடங்கியிருந்தது. மூக்கு நினைவில் நின்றால் வாய் நிற்கவில்லை. முழுதாக மறந்துபோகுமுன் அதை எண்ணெய் வர்ணத்தில் தீட்டிவிட வேண்டும் என்றுதான் கன்னியர் மடத்தில் ஓவியம் பழகச் சேர்ந்தாள்.

மடத்துச் சிஸ்டர், பழைய இத்தாலிய ஓவியர் ஒருவரின் படத்து அச்சுப்பிரதியைக் கொடுத்தார். வேதாகமத்துக் காயின் தன் தம்பி ஆபேலின் கழுத்தைப் பிடித்து அமுக்கிக் கொல்கிறான்.

“முதலில் இதைப் பார்த்துக் கீறும். கட்டம் போட்டு, தலைகீழாய் வைச்சுக் கீறும். முகம் எண்டு தெரிஞ்சால் உம்மட மனம் தன்ர பாட்டுக்குக் கீறத் தொடங்கிவிடும். நிறத்தை மட்டும் பாரும்.”

ஞானசேகரம் சிரித்தான்.

“வேற படமே கிடைக்கேல்லையோ உங்கட சிஸ்டருக்கு? ஒரு பூச்சட்டியைக் கீறச் சொல்லியிருக்கலாம்.”

“பூச்சட்டிக்கு முகம் இல்லையே.”

“எனக்கு இந்த வர்ண மணத்தில சோறும் இறங்குதில்லை.”

மாரி பிடித்தது. சன்னலைச் சாத்தினால் வர்ணம் கரைக்கும் டர்ப்பன்டைன் நெடி. திறந்தால் கடல். அவள் கட்டம் கட்டமாகத் தீட்டினாள். தலைகீழாய்ப் பார்க்கையில் அதில் மனிதர் தெரியவில்லை. மண்ணிறம், சாம்பல், தோலின் மஞ்சள், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் காய்ந்தது. ஆபேலின் தலைமயிர் காயவில்லை. விரலால் தொட்டாள். வர்ணம் ஒட்டவில்லை, ஈரம் ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

கடைசிக் கட்டம் முடிந்த மதியம் வானம் இருண்டு கிடந்தது. படத்தை நேராகத் திருப்பினாள்.

சின்னராசா அவளைப் பார்த்தான்.

அவள் மறந்தேபோயிருந்த இடப்புருவத் தழும்புகூட இருந்தது. அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள்.

பிறகுதான் அவன் கழுத்தைப் பிடித்திருந்த கையைக் கண்டாள்.

அச்சுப்படத்தில் காயினுக்கு விரல்கள் ஐந்தும் முழுதாக இருந்தன. அவள் படத்தில் சுட்டுவிரல் பாதியோடு நின்றது. துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச்சுக் கயிறு அறுத்த விரல். பத்து வருடமாக அவள் பரிமாறிய சோற்றைப் பிசைந்த கை.

வேலையால் வந்த ஞானசேகரம் பின்னால் நின்றான். எவ்வளவு நேரம் நின்றானோ.

“அழி.”

“ஏலாது.”

“விசர்க்கதை கதையாதை. அழி.”

அவள் அசையவில்லை. அவனே குசினிக் கத்தியை எடுத்து வந்து சின்னராசாவின் முகத்தைச் சுரண்டினான்.

வர்ணம் உரிந்த இடத்திலிருந்து தண்ணீர் வந்தது.

முதலில் ஒரு துளி. பிறகு ஒழுக்கு. கத்தி நனைந்தது, கை நனைந்தது, தரை நிறைந்தது. அறையெங்கும் பாசியும் துருவும் மணத்தன. அவன் கத்தியைப் போட்டுவிட்டு விலகினான். கால் வழுக்கியது. கணுக்காலளவு தண்ணீரில் குப்புற விழுந்தான்.

எழும்பப் பார்த்தான்.

முடியவில்லை.

அவன் பிடரித் தோல் உள்ளே அமிழ்ந்தது. ஐந்து பள்ளங்கள். ஐந்தும் முழு விரல்கள்.

அங்கே வேறு யாரும் இல்லை.

இராசமலர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். தம்பியின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் இப்போது அவளைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானசேகரத்தின் கை தண்ணீரை அடித்து அடித்து அவளைத் தேடியது. வாய் ஒருமுறை மேலே வந்தது.

“மலர்... கையைத் தா...”

அவள் குனிந்தாள். அவன் காதருகில் மெல்லக் கேட்டாள்.

“அண்டைக்குத் தம்பியும் உங்களிட்ட இப்பிடித்தான் கேட்டவனோ?”