கிபாராவுக்குக் கொம்பு இல்லை!

கிபாரா செத்துக் கிடந்தாள்.

பத்தொன்பது வயதுக் காண்டாமிருகம். தோளில் ஒரு மயக்க ஊசி. கொம்பு இருந்த இடத்தில்... ரத்தக் குழி!

சரணாலயக் காவலன் லெகுபே அவள் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். மேலாளர் கிச்சுகியின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"எந்திரிடா!"

"சார்... நான் வரும்போதே மூச்சு இல்ல சார்..."

"ஊசித் துப்பாக்கி இருக்கற ஸ்டோர் சாவி உன் இடுப்புலதானே தொங்குது?"

"ஆமா சார். ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல! நன்யூகி டவுன்லேருந்து போலீஸ் கிளம்பியாச்சு. இதைக் கொன்னா ஆயுள் தண்டனை. தெரியும்ல?"

தெரியும். லெகுபே இடுப்புச் சாவியைக் கையால் பொத்திக்கொண்டான்.

கிச்சுகிக்குக் கிபாராவைப் பற்றிக் கவலை இல்லை. பத்து மணிக்குக் குட்டி விமானத்தில் சரணாலய விடுதிக்குப் புது விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். அதற்குள் பழியை ஒரு தலையில் கட்டியாக வேண்டும். சம்பளம் குறைந்த தலையாக இருந்தால் வசதி!

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

கத்வீரி. மோப்ப நாய்க்குப் பொறுப்பானவள். அவளை இழுத்துக்கொண்டு வந்தது உகாலி. தொங்கும் காது, தொங்கும் உதடு, ஒழுகும் எச்சில்.

"வந்துட்டா நாய்க்காரி! இந்தத் தூங்குமூஞ்சி என்னத்தைக் கிழிக்கப் போகுது?"

"மூஞ்சிதான் சார் தூங்கும். மூக்கு தூங்காது."

கிபாராவின் விலாவில் ஓர் உள்ளங்கைத் தடம். ரத்தத்தில். அறுத்தவன் அங்கே ஊன்றியிருக்கிறான். கத்வீரி அதன் மேல் சுத்தமான துணியை ஒற்றி, உகாலியின் மூக்கருகே பிடித்தாள்.

உகாலி லெகுபேயை முகர்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கிச்சுகியை முகர்ந்தது. தும்மியது!

"இவனும்தானே மிருகத்தைத் தொட்டிருக்கான்? அப்புறம் நாய்க்கு என்ன தெரியும்?"

"அதனாலதான் சார் இங்க நிக்கறவங்களை முதல்ல மோந்து பார்க்க விட்டேன். துணியில வாசனை இருக்கு, ஆனா ஆள் இங்க இல்ல... அப்படி யாரோ, அவனைத்தான் தேடும். லெகுபே அண்ணே, நீங்களும் வாங்க!"

உகாலி தலையைத் தாழ்த்தியது. இழுத்தது. முள்மரங்கள்... வறண்ட ஓடை... இரண்டு கிலோமீட்டர்!

கூடார விடுதியின் சாப்பாட்டு மேசை முன்னால் போய் நின்றது.

பின்னால் ஜீப்பில் வந்து குதித்தார் கிச்சுகி. "ஏய்! விருந்தாளிங்க சாப்பிடற இடம்டி இது!"

ஆறு விருந்தாளிகள். பாதாம் பால் இல்லையென்று ஒரு பெண்மணி பரிமாறுபவனிடம் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். மேசையின் தலைப்பக்கத்தில் பெர்ட்ராம். ஆண்டுக்கொரு முறை விமானமேறி வந்து உலகத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறவர்.

"விடியக்காலைல தனியா மௌன நடை போனேன்," என்றார் கண்கள் செருக. "பூமித்தாய் எங்கிட்ட பேசினா. உங்களால புரிஞ்சுக்க முடியாது."

உகாலி பாய்ந்தது!

"ஐயோ!" ஒரு கோப்பை உடைந்தது.

கடிக்கவில்லை. பெர்ட்ராமின் மடியில் இரண்டு முன்காலையும் போட்டு... முகம் முழுக்க நக்கியது! வால் சுழன்றது.

பெர்ட்ராம் சிலிர்த்துப்போனார்.

"பார்த்தீங்களா? நல்ல மனசை மிருகங்கள் கண்டுபிடிச்சிடும்! யாராவது படம் எடுங்கப்பா!"

எடுத்தார்கள். கை தட்டினார்கள்.

கத்வீரி பையிலிருந்து ஆட்டிறைச்சித் துண்டை எடுத்து உகாலிக்குக் கொடுத்தாள்.

"செல்லத்துக்குப் பரிசா?"

"கூலி சார். வேலை முடிஞ்சுது."

"என்ன வேலை?"

"இந்த ஜாதி நாய் கடிக்காது சார். தேடின ஆள் கிடைச்சா... கொஞ்சும்!"

கைதட்டல் நின்றது.

கிச்சுகி உறுமினார். "வாயை மூடு! ஸ்டோர் சாவி லெகுபேகிட்டதான் இருக்கு!"

"இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்கே சார்? நேத்து யாருக்காவது திறந்து விட்டீங்களா?"

கிச்சுகியின் கழுத்தில் வியர்வை.

"இல்ல... துப்பாக்கியோட விடியற சூரியன்ல ஒரு படம் எடுக்கணும்னார்... பெரிய நன்கொடையாளர்... இவர் கையில குடுத்தேன்..."

"ஊசியோடவா?"

"படத்துல நிஜமா தெரியணும்னார்..."

லெகுபே பெர்ட்ராமின் கூடாரத்துக்குள் ஓடினான். ஒரே நிமிடம். நீளமான கேமரா பெட்டியோடு திரும்பினான். மூடியைத் திறந்தான்.

ஒரு கை ரம்பம். 'பூமியைக் காப்போம்' என்று பூத்தையல் போட்ட விடுதித் துண்டு. துண்டுக்குள்... கொம்பு!

பெர்ட்ராமின் உதடு துடித்தது.

"நான்... மயக்கத்தான் நினைச்சேன்! எந்திரிச்சுப் போயிடும்னு நினைச்சேன்! எனக்குக் கிபாராவை அவ்வளவு பிடிக்கும்... அவ ஞாபகமா வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்னு..."

"பிடிச்சதுக்கே இப்படின்னா," என்றாள் கத்வீரி, "உங்க வீட்டம்மா பத்திரமா இருக்காங்களா சார்?"

போலீஸ் ஜீப் புழுதியோடு வந்து நின்றது. கிச்சுகி யாரும் கேட்காமலேயே முன்னால் போய் சல்யூட் அடித்தார். அவரையும் சேர்த்தே ஏறச் சொன்னார்கள்.

"என்னைக் கம்பிக்குப் பின்னாடி அடைக்க முடியாது! நான் மிருகங்களோட நண்பன்!" பெர்ட்ராம் அலறினார்.

லெகுபே அவருக்காக ஜீப் கதவைத் திறந்து பிடித்தான்.

"அழிஞ்சுக்கிட்டு வர்ற இனத்தைத்தான் சார் திறந்தவெளியில விடுவோம். நீங்க பெருகிக்கிட்டு வர்ற இனம்!"